கொன்றவர்களும் கும்பிடுகிறவர்களும்

ஒரு அறிவாளியின் வாயை அடைக்க உலகத்தில் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, அவனைக் கொன்றுவிடுவது. மற்றொன்று, அவனைச் சாமியாக்கிக் கும்பிடுவது. முதல் வழியில் ஆள் மாத்திரம் சாவான். இரண்டாவது வழியிலோ அவன் சொன்ன சொல்லும் சேர்ந்து செத்துப்போகும். பிலிப்பைன் தேசத்து ஹோசே ரிசாலுக்கு இந்த இரண்டும் நடந்திருக்கின்றன.

ரிசால் 1861-ல் கலாம்பா என்கின்ற ஊரில் பிறந்தவர், கண் வைத்தியர். 1896 டிசம்பர் 30-ந் தேதி மணிலா நகரத்து மைதானத்தில் ஸ்பெயின் சர்க்கார் அவரைச் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 35. அவர் துப்பாக்கி தூக்கியவரா? இல்லை. அந்த வருஷம் கிளம்பிய ஆயுதக் கலகத்தைக்கூட அவர் கண்டித்து எழுதினார். அப்படியிருந்தும் கலகத்துக்குக் காரணஸ்தர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். காரணம், அவர் எழுதிய இரண்டு நாவல்கள். 1887-ல் கடன் வாங்கிய பணத்தில் பெர்லினில் அச்சிட்ட 2,000 பிரதிகள் 'நோலி மே தாங்கெரே'. 1891-ல் கெண்ட் நகரில் அச்சிட்டது 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'.

அவற்றில் அப்படி என்ன இருந்தது? பாதிரி இட்டதே சட்டம் என்றிருந்த ஊரின் கதை இருந்தது. பாதிரிக்குப் பிடிக்காதவனுடைய பிணத்தைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்ததும், கடைசியில் அதை ஏரியில் வீசியதும் இருந்தது. செத்தவர்களின் பாவத்தில் இத்தனை வருஷம் கழிந்தது என்று பெண்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகின்ற வேடிக்கையும் இருந்தது. பள்ளிக்கூடம் கட்ட வந்தவனை ராஜத்துரோகியாக்கிய சூழ்ச்சியும் இருந்தது.

இது வெறும் கற்பனை என்று சொல்ல முடியுமா? கலாம்பாவின் நிலமெல்லாம் டொமினிக்கன் சாமியார் மடத்துக்குச் சொந்தம். குத்தகை அநியாயத்தைக் கேட்ட குடியானவர்கள் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். அவர்களில் ரிசாலின் குடும்பமும் ஒன்று. 1889-ல் அவருடைய அக்காள் புருஷன் செத்தபோது, கிறிஸ்தவக் கல்லறையில் புதைக்க இடமில்லை என்று மறுத்தார்கள். பரலோகத்துக்கு வழிகாட்டுகிறவர்களுக்கு இந்த லோகத்தில் குத்தகை எதற்கு? செத்தவன்மேல் பகை எதற்கு?

ரிசால் நாஸ்திகர் அல்ல, கடவுளை நம்பினவர்தான். ஆனால் நம்பிக்கையை மூலதனமாக வைத்து வியாபாரம் செய்ததைத்தான் அவர் வெளிப்படுத்தினார். கடவுளை இல்லையென்றாலும் புரோகிதன் பொறுத்துக்கொள்வான். கணக்குக் கேட்டால் பொறுக்கமாட்டான். மாலோலோஸ் ஊர்ப் பெண்கள் ஸ்பானிஷ் படிக்க ராப் பள்ளிக்கூடம் கேட்டதற்கே பாதிரியின் எதிர்ப்பு வந்தது. 1889-ல் அந்தப் பெண்களுக்கு ரிசால் எழுதிய கடிதம், தாய் அறிவோடிருந்தால்தான் பிள்ளை அடிமையாகாது என்கின்ற கருத்துடையது.

சுட்ட பிறகாவது விட்டார்களா? கடைசி ராத்திரியில் அவர் எழுதினதையெல்லாம் வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று பிரசாரம் செய்தார்கள். அந்தக் காகிதம் 1935-ல்தான் கண்டெடுக்கப்பட்டதாக வெளிவந்தது. மெய்யென்பாரும் பொய்யென்பாரும் இன்றும் உண்டு. நாம் கேட்பது வேறு. மெய்யென்றே வைத்துக்கொள்வோம். விடிந்தால் சாகப்போகின்றவன் போட்ட கையெழுத்தால், கலாம்பாவில் பிடுங்கிய நிலம் குடியானவனுக்குத் திரும்பி வந்துவிடுமா? 1887-ல் எழுதிய உண்மை 1896-ல் பொய்யாகிவிடுமா? மனந்திரும்பிய மகனென்றால், அவரை அடையாளமில்லாத குழியில் புதைத்ததேன்?

1956-ல் இன்னொரு நாடகம் நடந்தது. ரிசாலின் வாழ்க்கையையும் நூல்களையும் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் கலாசாலைகளிலும் படிப்பிக்க வேண்டும் என்று கிளாரோ ரெக்டோ என்பவர் மசோதா தயாரித்தார். அதை எதிர்த்தவர்கள் யார்? அவர் படத்துக்கு வணக்கம் செலுத்தி வந்த கத்தோலிக்க பிஷப்புகள்! சிலை இருக்கலாம், மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கலாம், புத்தகத்தை மட்டும் முழுசாகப் படிக்கக்கூடாதாம். கடைசியில் 1425-ம் நெம்பர் சட்டமாக அது நிறைவேறிற்று. ஆனாலும் மதக் காரணத்தைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் அந்த நாவல்களைப் படிக்காமல் விலக்குப் பெற ஏற்பாடும் அதிலேயே வைக்கப்பட்டது. நாட்டின் தலைவன் என்று சொல்லிக்கொண்டு, அவன் எழுத்தைத் தொட்டால் தீட்டு என்பதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா?

இந்தப் பக்கம் பாதிரிகள் இப்படி என்றால், அந்தப் பக்கம் பாமர ஜனங்கள் சிலர் ரிசாலையே கிறிஸ்துவின் அவதாரமென்று சொல்லி, மடம் கட்டி, வழிபாடு நடத்துகிறார்கள். பனாஹாவ் மலையடிவாரத்தில் இப்படிப்பட்ட கூட்டங்கள் உண்டு. ஏழைகளை நாம் பரிகசிக்கவில்லை. தங்களுக்காகச் செத்தவனிடம் அவர்களுக்கு இருக்கும் அன்பு மெய்யான அன்பு. ஆனால் கண் வைத்தியனிடம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டால் பார்வை வருமா?

ரிசால் விட்டுப்போன சொத்து சிலையுமல்ல, விபூதியுமல்ல. எந்த அதிகாரத்தையும், அது அங்கி போட்டு வந்தாலும் கிரீடம் வைத்து வந்தாலும், ஏன் என்று கேட்கின்ற தைரியமே அவருடைய சொத்து. அதற்கு வாரிசாக வேண்டுமானால் மாலை வாங்க வேண்டியதில்லை. புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும். படித்ததைப் பக்கத்து வீட்டானுக்கும் சொல்ல வேண்டும்.