பட்டனைத் தட்டி ஜெயித்தால் தப்பா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் கேம் பேச்சு வர ஒரு வாரம்கூட ஆகாது. சண்டை கேம் என்றால் உடனே இரண்டு கட்சி. "கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டுகிறவன் ஜெயிக்கிறான், இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்பது ஒன்று. "மூவ் எல்லாம் மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்?" என்பது மற்றது. சிறு வயதில் நான் முதல் கட்சி. கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

லோயர் கேம்ப்பிலிருந்து சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கம்பம் போவோம். அங்கே ஒரு கடையில் நாலு டி.வி., நாலு பிளேஸ்டேஷன். அரை மணிக்கு 5 ரூபாய். எப்போதும் டெக்கன் 3 தான். 1997-ல் ஆர்கேடு மெஷினாக வந்து, 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த கேம் அது. இரண்டு கைக்கு இரண்டு பட்டன், இரண்டு காலுக்கு இரண்டு பட்டன், அவ்வளவுதான். அதில் எடி கார்டோ என்றொருவன், பிரேசில் நாட்டுக் கப்போய்ரா பாணியில் தலைகீழாகச் சுழன்று உதைப்பான். கால் பட்டன்களை மாற்றி மாற்றித் தட்டினால் முதல் நாள் வந்தவனும் ஜெயிக்கலாம்.

அப்படித்தான் என்னைவிட இளைய பையன் ஒருவன் என்னை இரண்டு முறை தோற்கடித்தான். அடுத்த வாரமே எடியை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அவன் வேறு ஆட்களை வைத்துத் தோற்றான், தோற்றான், பிறகு கடைக்கே வரவில்லை. எடி கீழே உதைக்கும்போது குனிந்து தடுத்துத் திருப்பி அடிக்கலாம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. விடை கேமுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைத் தேடாமல் பையனை விரட்டிவிட்டேன்.

ஆர்கேடு மெஷின் காசில் ஓடுவது. முதல் காசிலேயே கொஞ்சமாவது பிடிபடாவிட்டால் புதியவன் போய்விடுவான். பத்து நாளில் எல்லாம் தெரிந்துவிட்டால் பழையவன் போய்விடுவான். கேப்காம் 1991-ல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இரண்டு பேரையும் நிறுத்தி வைத்தது. அதில் ரியூ நெருப்புப் பந்து எறிய வேண்டுமானால் ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கமாக வளைத்துக் குத்த வேண்டும். சுன்-லீக்கோ உதை பட்டனை வேகமாகத் தட்டினாலே மின்னல் உதை வந்துவிடும். அடிமேல் அடி தொடுக்கும் 'காம்போ'கூட அதில் திட்டமிட்டு வைத்ததல்ல. சோதனையின்போது கண்ணில் பட்டதை அப்படியே விட்டுவைத்தார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வீட்டில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் தங்கையோடு இந்த கேமை ஆடினேன். அவள் அந்தக் கடைப் பக்கமே வந்ததில்லை. "அண்ணே, எதை அமுக்கணும்?" என்றாள். சுன்-லீயைக் கொடுத்தேன். முதல் மூன்று ரவுண்டும் அவளுக்கே. நான் தூர நின்று பந்து எறிந்தேன். அவள் தாண்டிக் குதிக்கக் கற்றாள். குதிக்கும்போது மேல்குத்து விட்டேன். இரண்டு முறை வாங்கியவள் மூன்றாம் முறை குதிக்கவில்லை. பந்தைத் தடுத்துவிட்டுச் சும்மா நின்றாள். குதிப்பாள் என்று நம்பி நான் வெறும் காற்றைக் குத்தினேன். அவளுக்கு அதுவரை கஷ்டமான மூவ் ஒன்றுகூடத் தெரியாது. ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான். விரலை முறுக்குவது வெறும் பழக்கம்.

2023-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் 'மாடர்ன்' முறையை வைத்தால் ஸ்பெஷல் அடிகள் ஒரே பட்டனில் வரும். அப்படி அடித்தால் சேதம் 20 சதவீதம் குறையும். நியாயமான விலை என்பேன். பழைய ஆட்கள் சிலர் இதற்கும் முகம் சுளிக்கிறார்கள். அன்றைக்கு நான் சுளித்த அதே சுளிப்பு.

உங்கள் வீட்டில் ஆடிப் பார்க்க, 2018-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-ஆம் ஆண்டுத் தொகுப்பு கம்ப்யூட்டருக்கும் கிடைக்கிறது. 12 பழைய கேம்கள் அதில் உண்டு. எந்தச் சண்டை கேமாக இருந்தாலும் இரண்டு பேர் ஒரே கீபோர்டில் மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். சாதாரண கீபோர்டில் பல கீகளைச் சேர்த்து அழுத்தும்போது சில பதிவாகாமல் போகும். இரண்டு யு.எஸ்.பி. கேம்பேட் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தோற்றவர் கீபோர்டைக் காரணம் சொல்வார். நான் சொன்னேன்.