வேலிப் புதரைக் கொளுத்தலாமா?

கேள்வி: "மலையடிவாரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. காட்டை ஒட்டிய வேலியில் சூரை, காரை, உசில் எல்லாம் புதராக மண்டிவிட்டன. பொக்லைன் வைத்துப் பிடுங்கி, சருகோடு கொளுத்திவிட்டுக் கம்பி வேலி போடலாம் என்கிறான் மகன். பூச்சிகள் அங்கேதான் தங்குகின்றன என்கிறான். செய்யலாமா?"
- வாசகர், திருவண்ணாமலை.

பதில்: வேண்டாம் ஐயா. பொக்லைனும் வேண்டாம், தீயும் வேண்டாம்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. வரப்பில் முளைக்கும் துத்தியும் பார்த்தீனியமும் மாவுப்பூச்சிக்கு இடம் கொடுக்கும். அவற்றைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள். ஆனால், சூரையும் காரையும் உசிலும் களைகள் அல்ல. அவை இந்த மலைக்காட்டின் மரம் செடிகள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'வரப்பு மொட்டையாக இருக்க வேண்டும்' என்று ஊர் ஊராகச் சொன்னவன்தான். அது பாதிப் பாடம் என்பது பிறகுதான் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழைக்கு மறுநாள் காலையில், எங்கள் அலுவலகத் திண்ணையில் ஒரு குருவி சோர்ந்து கிடந்தது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். மானியம் கேட்டு வந்திருந்த பெரியவர் பார்த்ததும், "ஆறுமணிக்குருவி சார்" என்றார். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, மாலையில் ஒரு புதரடியில் விட்டோம். அது பறக்கவில்லை. சருகுக்குள் நடந்து போய், இலையைப் புரட்டிப் புழு தேட ஆரம்பித்தது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, புரட்டாசி, ஐப்பசியில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. சித்திரை வாக்கில் திரும்பிவிடும். அதற்கு வேண்டியது நிழலும், ஈரமான சருகும், அதில் இருக்கும் புழு பூச்சிகளும்தான். பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள கதிர்க்குருவிகள் மத்திய ஆசியாவிலிருந்து வந்து, இதே வேலிகளில் இலை இலையாகப் புழு பொறுக்குகின்றன.

2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது. அவற்றில் நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338. அந்த 338-ல் 204 வகைகள் குறைந்திருக்கின்றன.

நம் அண்ணாமலையே ஒரு காலத்தில் பாறையும் புல்லுமாகக் கிடந்தது. வனத்துறையும் தன்னார்வலர்களும் பல ஆண்டுகளாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, கோடையில் தீப்பிடித்தால் பச்சைக் கிளையால் அடித்து அணைத்துத்தான் இன்றைய பசுமை வந்தது. மரம் மட்டும் போதாது. அடிப்புதரும் சருகும் எரிந்துபோனால், தரையில் இரை தேடும் பறவைக்கு அங்கே எதுவும் இல்லை. உங்கள் வேலி அந்தக் காட்டின் கடைசிக் கரை. அங்கே வைக்கும் தீ காற்றடித்தால் மலையேறிவிடும். காப்புக்காட்டில் தீ பரவக் காரணமானால், 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி வழக்கும் வரும்.

செய்ய வேண்டியவை:

1. பயிரின் மேல் நிழல் விழும் பக்கத்தை மட்டும் கவாத்து செய்யுங்கள். அதையும் பறவைகள் திரும்பிய பிறகு, வைகாசியில் செய்யுங்கள். ஒரே ஆண்டில் முழு வேலியையும் வெட்ட வேண்டாம். பாதி இந்த ஆண்டு, மீதி அடுத்த ஆண்டு.

2. சருகை வேலியின் அடியிலேயே விடுங்கள். மிஞ்சியதை எருக்குழியில் போடுங்கள்.

3. தை மாதத்திலேயே, உங்கள் எல்லைக்குள், வேலிக்கும் காட்டுக்கும் நடுவே காய்ந்த புல்லைப் பத்தடி அகலத்துக்குச் செதுக்கிவிடுங்கள். தீ இரண்டு பக்கமும் எளிதில் தாண்டாது.

4. வேலியில் சந்து இருந்தால், மழை தொடங்கியதும் கிளுவைப் போத்தும் நொச்சிக் குச்சியும் நடுங்கள். கம்பி வேலிச் செலவு மிச்சம்.

5. நிலக்கடலைக்கு மருந்து அடிக்க நேர்ந்தால், வேலி மேல் படாமல் அடியுங்கள்.

குருவிகள் வந்தால் பூச்சியே இருக்காது என்று நான் சொல்லவில்லை. விளக்குப்பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும் உங்களுக்குத் தேவைப்படும். வேலியோரம் ஓரிரு சால் நிலத்தில் மகசூல் குறையும் என்பதும் உண்மைதான். அந்த இடம் மண் அரிப்பைத் தடுக்கும், காற்றையும் மறிக்கும். மகனிடம் இதைச் சொல்லுங்கள். வரும் ஐப்பசியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, இருவரும் வேலியோரம் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். குரல் கேட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.