கயிறு இல்லாத காற்றாடி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் உத்திரமேரூரில் காற்றுக்குப் பஞ்சம் கிடையாது. கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற நம் பெரிய ஏரி அப்போது பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும். தண்ணீர் இல்லையே என்று பெரியவர்கள் வருந்துவார்கள்; மைதானம் கிடைத்ததே என்று பையன்கள் குதூகலிப்பார்கள். காற்றாடிகள் கிளம்பிவிடும்.

சென்ற வருஷம் அந்தக் காற்றாடிகளுக்கு நடுவே, நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு சின்னஞ்சிறு ஆகாய விமானத்தைச் சுமந்துகொண்டு ஏரியை நோக்கிப் புறப்பட்டார்கள். நுரை அட்டையை வெட்டி ஒட்டிச் செய்தது. எடை 700 கிராம். பின்னால் நாம், கையில் ரேடியோப் பெட்டியுடன். திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் ஊர்வலத்தை நிறுத்தினார்.

"ஏன் வாத்தியாரே, இதுக்குக் கயிறு எங்கே?"

"கயிறு கிடையாது, பாட்டி. ரேடியோவில் பறக்கிறது" என்றோம், சற்றுப் பெருமையுடன்.

"அப்படியா! அறுந்துபோனால் எப்படித் தெரியும்?"

நாம் சிரித்தோம். சர்வகலாசாலைப் பட்டம் வாங்கியவர்கள் இத்தகைய கேள்விகளுக்குச் சிரிப்பது வழக்கந்தானே?

ஏரிக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டு போனோம். 1895-ம் வருஷத்தில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவரைத் தாண்டிச் செல்லவிட்டு, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். அதற்கு மூன்று வருஷத்துக்குப் பின், 1898-ல், நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு தொட்டியில் மிதந்த படகை ரேடியோவினால் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். படகைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. கல்கத்தாவில் ஒலித்த மணியை நம் பாடப்புத்தகங்களே மெதுவாகத்தான் சொல்கின்றன. போஸ் பயன்படுத்திய அலைகளின் நீளம் மில்லிமீட்டர்க் கணக்கில் அடங்கும். இன்றைக்குப் பையன்கள் கையில் இருக்கும் பெட்டியின் அலை சுமார் 12 சென்டிமீட்டர். ஒரே வம்சந்தான்.

இந்தப் பிரசங்கம் முடிவதற்குள் ஏரி வந்துவிட்டது. விமானமும் கிளம்பிவிட்டது. இரண்டு வட்டம் அழகாகப் போட்டது. மூன்றாவது வட்டத்தில், கரையை நெருங்கும்போது, திரும்பு என்றால் திரும்பவில்லை. பையன் குச்சியை இழுக்கிறான், தள்ளுகிறான். அது பாட்டுக்கு நேரே போகிறது. கரைக்கு அப்பால் கிணற்றுப் பாசனத்தில் ஏழெட்டுப் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் கூவிக்கொண்டே ஓடினோம். கரைமேல் ஏறிப் பார்த்தபோது, அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் சேற்றில் மூக்கைச் செருகிக்கொண்டு கிடந்தது விமானம். ஒருவருக்கும் காயமில்லை. 9 அங்குலப் புரொப்பெல்லர் நிமிஷத்துக்குச் சுமார் 8000 சுற்றுச் சுற்றும். அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெட்டிக்கொண்டு போகும். இந்தக் கணக்கை அன்று இரவு போட்டுப் பார்த்த பிறகு நமக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டியின் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் விமானத்தைப் பிரித்து விசாரணை நடத்தினோம். கையில் இருக்கும் பெட்டிக்கு டிரான்ஸ்மிட்டர் என்று பெயர். விமானத்துக்குள் இருப்பது ரிசீவர். இரண்டையும் முதலில் ஜோடி சேர்த்துவிட வேண்டும். அப்புறம் ரிசீவர் தன் ஜோடியின் குரலுக்கு மட்டுமே செவி சாய்க்கும். முற்காலத்தில் 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் என்று ஆளுக்கு ஓர் அலைவரிசை. ஒரே வரிசையில் இரண்டு பேர் பெட்டியைத் திறந்தால் ஒருவருடைய விமானம் தரையில்! இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் ஓர் இடத்தில் நில்லாமல் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே பேசுவதால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. குறைந்த சக்தியுள்ள கருவிகள் இந்த வரிசையைப் பயன்படுத்துவதற்கு உரிமம் வேண்டாம் என்று நம் நாட்டில் 2005-ல் விதி செய்தார்கள். ரிசீவர் தனக்குக் கிடைத்த செய்தியை 'சர்வோ' என்னும் சிறு மோட்டார்களுக்கு வினாடிக்கு 50 தடவை துடிப்பாக அனுப்புகிறது. துடிப்பு ஒன்றரை மில்லி வினாடி நீடித்தால் சர்வோவின் கை நடுவில் நிற்கும். ஒன்று என்றால் ஒரு பக்கம், இரண்டு என்றால் மறு பக்கம். இவ்வளவுதான் ரகசியம்.

நம் விமானத்தில் இரண்டு குற்றங்கள் அகப்பட்டன. முதலாவது, ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களையும் பாட்டரிக்கு அடியில் மடித்துச் செருகியிருந்தார்கள். அவை ஒன்றுக்கொன்று செங்கோணமாக, பாட்டரிக்கும் மோட்டார்க் கம்பிகளுக்கும் விலகி நீட்டியிருக்க வேண்டும். இது பிள்ளைகள் செய்த பிழை.

இரண்டாவது நாம் செய்த பிழை. அதுதான் பெரியது. அலை அறுந்துபோனால் என்ன செய்வது என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். 'ஃபெயில்சேஃப்' என்பது அதன் பெயர். மோட்டாரை நிறுத்து என்று சொல்லி வைத்திருந்தால், விமானம் ஏரிக்குள்ளேயே விழுந்திருக்கும். நாம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சில ரிசீவர்களோ ஒன்றும் சொல்லாவிட்டால் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கட்டளை பாதி வேகம். ஆகவே பாதி வேகத்தில் போயிற்று. யந்திரத்தின் பேரில் குற்றம் சொல்ல இடமில்லை.

அது முதல் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். வீட்டில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, வேண்டுமென்றே டிரான்ஸ்மிட்டரை அணைப்பது. ஒன்றிரண்டு வினாடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குப் பறப்பது கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. மற்றச் சமயங்களில் டிரான்ஸ்மிட்டரை முதலில் திறந்து கடைசியில் மூட வேண்டும். ரிசீவர் எஜமான் இல்லாமல் தனியாக விழித்திருக்கக் கூடாது.

மைதானத்துக்குப் போனதும் தூரப் பரீட்சை. டிரான்ஸ்மிட்டரில் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்த நிலையில் ஒருவன் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் முப்பது தப்படி நடந்து போய்க் குச்சிகளை அசைத்துப் பார்க்க வேண்டும். சர்வோக்கள் தடுமாறாமல் கீழ்ப்படிந்தால் சரி. பறக்கும்போது டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா நுனியை விமானத்துக்கு நேரே நீட்டக் கூடாது. எல்லோரும் துப்பாக்கி போல் நீட்டத்தான் பார்க்கிறார்கள்; ஆனால் அலை நுனி வழியாக மிகக் குறைவாகவும் பக்கவாட்டில் அதிகமாகவும் போகிறது.

பிறகு திசைப் பரீட்சை. விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும்; இடது மடல் தாழ வேண்டும். குச்சியை நம் பக்கம் இழுத்தால் வாலின் மடல் எழ வேண்டும். இதைத் தலைகீழாக வைத்துவிட்டுக் கிளம்பிய விமானங்களுக்குக் கணக்கே இல்லை. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றிப் பழகினவர்களையும் குழப்பும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளி முட்டுக்கொடுத்தால் நிமிர்ந்துவிடும்.

வீட்டிலுள்ள தாய்மார்கள் கவனிக்க வேண்டியது பாட்டரி. இது டார்ச் விளக்குப் பாட்டரி அல்ல. லித்தியம் பாலிமர் என்ற ஜாதி. ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. அறைகளைச் சமப்படுத்தும் சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். 2200 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 2.2 ஆம்பியருக்கு மேல் அவசரப்படுத்தாமல் இருப்பது நலம். கட்டிலின் மேலோ திரைச்சீலைக்கு அருகிலோ வைக்காமல், கடப்பைக் கல்லின் மேல், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, ஆள் விழித்திருக்கும்போது ஏற்றவும். இரவில் செருகிவிட்டுத் தூங்கப் போகிற வேலை கூடவே கூடாது. பூரி போல உப்பிய பாட்டரியைச் சிக்கனம் பார்த்து மறுபடி உபயோகித்தால் தீப்பிடிக்கும். புரொப்பெல்லர் மாட்டிய விமானத்தில் பாட்டரியைச் செருகிய கணம் முதல் அதை ஓடுகிற மாவு மில்லாகவே பாவிக்க வேண்டும். துப்பட்டா, வேஷ்டித் தலைப்பு, பின்னல் எதுவும் முன்னால் தொங்கலாகாது.

சட்டமும் உண்டு. 2021-ம் வருஷத்து டிரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்குமாகக் கண்ணெதிரே பறக்கவிடும் 25 கிலோவுக்கு மேற்படாத யந்திரங்களை மாதிரிகள் என்று தனியாகப் பிரித்திருக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரைதான் அனுமதி. மண்டலங்களைக் காட்டும் படத்தை அரசாங்கமே வெளியிட்டிருக்கிறது. பறக்கும் நாளன்று அதைப் பார்ப்பது கடமை. வேடந்தாங்கலும் வெகுதூரத்தில் இல்லை. அங்கே தங்கும் நாரைகள் நம் ஏரிக்கும் இரை தேடி வருகின்றன. அவை இறங்கியிருக்கும் பக்கம் நாம் போவதில்லை.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து 'தக்ஷா' மாணவர்கள் 2018-ல் ஆஸ்திரேலியாவில், மனிதர் கையில் ஓட்டாமலே மருத்துவ உதவிக்குப் பறக்கும் விமானங்களுக்கான போட்டியில் இரண்டாவதாக வந்தார்கள். அவர்களுக்கு ஆலோசகராக இருந்த நடிகர் அஜித்குமாரும் மாதிரி விமானப் பிரியர்தான். அந்தப் பிள்ளைகள் தொடங்கியதும் இந்தக் குச்சிகளிலிருந்துதான்.

நம் ஊர்க் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைச் சாசனம் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்று அதில் ஒரு விதி. பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில், பறந்த தேதி, பாட்டரி வோல்ட், தூரப் பரீட்சை, மோட்டார் நின்றதா என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் அடுத்த முறை குச்சி கையில் கிடைக்கும். முதல் பக்கத்தில் நம்முடைய குற்றத்தையும் எழுதி, ஒரு மாதம் நமக்குக் குச்சி இல்லை என்று தீர்ப்புச் செய்துவிட்டார்கள்.

இப்போது ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. தை அறுவடை முடிந்து வயல் காலியாகும் வரையில் விமானம் பரணில் தொங்கும். பாட்டரியை அறைக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, கொல்லைப்புறத்துத் தகர டப்பாவில் வைத்திருக்கிறோம்.