அட்டமியும் நவமியும்

சென்னீர்குப்பத்து மொட்டைமாடியில் சிறு தொலைநோக்கியை நிறுத்தி வானைக் காண விழைவோருக்கு நாம் பரிந்துரைப்பவை வளர்பிறை அட்டமியும் நவமியுமே. அந்நாட்களில் நல்ல காரியம் தொடங்கத் தயங்குவோர் நம் கத்தோலிக்க இல்லங்களிலும் உளர் என்பதை நாம் அறிவோம். நிலவுக்கு அத்தயக்கம் இல்லை.

பௌர்ணமியன்று கதிரொளி நேராக விழுவதால் நிழல்கள் மறைந்து, நிலவு சுண்ணாம்பு பூசிய தட்டுப்போல் தோன்றும். அட்டமியிலோ ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் மலைகள் நீண்ட நிழல் வீழ்த்தும். பள்ளங்களின் ஆழம் கண்ணுக்குப் புலனாகும். நவமியை ஒட்டித் தென்பகுதியில் கிளேவியஸ் என்னும் பெருவட்டம் வெளிப்படும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 225 கிலோமீட்டர். 1582-இல் நடைமுறைக்கு வந்த கிரகோரியன் நாட்காட்டிக்காக உழைத்த சேசு சபைக் குருவின் பெயர் அது. 1651-இல் அதைச் சூட்டிய ரிச்சியோலியும் அச்சபையினரே. தம் பெயரையும் அவர் ஒரு பள்ளத்திற்கு இட்டுக்கொண்டார்; அடக்கத்தைச் சற்றே மறந்தார் போலும்!

நிலவொளியில் மங்கிய ஒளித்திட்டுகள் மறையும். சாலை விளக்குகள் அவற்றை முன்பே விழுங்கிவிட்டன. இரட்டை விண்மீன்களோ இரண்டுக்கும் அஞ்சா. மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் தென்வானில் ஆல்பா சென்டாரியைக் காண்க. வெறுங்கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு. இதனை முதலில் கண்டவர், 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வால்மீனொன்றை ஆராய்ந்த சேசு சபைக் குரு ரிஷோ. கையை நீட்டி அளந்தால் அடிவானிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான உயரத்திலேயே அது நிற்கும். தெற்கு வீட்டார் இன்னொரு மாடி எழுப்புமுன் பார்த்துவிடுங்கள்.