முடிசூட்டோடு முடியாத நாடகம்

அரசு கைமாறும் கதையை மேடையேற்றும் நம்மவருட் பலர், வென்றவன் தலையில் முடி ஏறியதும் மங்கலம் பாடித் திரையை விழவிடுகின்றனர். காண்போரும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். ஆயின், முடி கைமாறியவுடன் கதையும் முடிந்துவிடுகின்றதா?

விபுலாநந்த அடிகள் 'செகசிற்பியார்' எனத் தமிழுக்கு அழைத்துவந்த ஆங்கில நாடகப் புலவர், 1595ஆம் ஆண்டளவில் இயற்றிய 'இரண்டாம் ரிச்சர்ட்' இவ்வினாவிற்கு விடை கூறுகின்றது. 1399இல் இங்கிலாந்தின் அரியணை கைமாறிய வரலாறே அதன் கதை. ரிச்சர்ட் மன்னன் முறை தவறியவன். தன் சிறிய தந்தை இறந்ததும் அவர் உடைமைகளைக் கவர்ந்துகொண்டவன். உரிமை இழந்த மைந்தன் போலிங்புரூக், இழந்ததை மீட்கப் படையோடு வந்து, ஈற்றில் அரியணையையே கைக்கொண்டு நான்காம் ஹென்றி ஆனான்.

ரிச்சர்ட் முடிதுறக்கும் காட்சி நான்காம் அங்கத்தில் வருகின்றது. அங்கேயே நாடகத்தை நிறுத்தியிருக்கலாம். புலவர் நிறுத்தினாரல்லர். இறுதிக் காட்சியில், பகைவர் ஒழிந்தனர் என்னும் நற்செய்திகள் புதிய மன்னனிடம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றின் பின்னே வருகின்றது ஒரு சவப்பெட்டி! சிறையிலிருந்த ரிச்சர்டைக் கொன்ற எக்ஸ்டன், பரிசை எதிர்பார்த்து அதனைக் கொணர்கின்றான். மன்னனோ, ரிச்சர்டின் சாவைத் தான் விரும்பியதை மறுக்கவில்லை. எனினும், கொன்றவனை வெறுத்துத் துரத்துகின்றான். பாவம் கழுவத் திருநாட்டு யாத்திரை செல்வேன் என்று கூறிப் பெட்டியின் பின்னே துயரோடு நடக்கின்றான்.

வாழ்த்தொலி எழவேண்டிய இடத்திலே சாவூர்வலம்! விரும்பியவன் முடி சுமக்க, செய்தவன் பழி சுமக்கின்றான். கொடுங்கோலை நீக்குவது நன்றே. நீக்கிய முறை பழுதாயின் புதிய கோலிலும் கறை படியும் என்பதே புலவர் சொல்லாமற் சொன்னது.

1601இல் எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர், கலகத்திற்கு முதல்நாள் ரிச்சர்ட் மன்னனின் நாடகத்தைப் பொருள் கொடுத்து ஆடுவித்தனர். அஃது இந்நாடகமே என்பர் அறிஞர். அவர்கள் முடி பறிபோவதைக் கண்டார்கள். பின்னே வந்த பெட்டியைக் கருதினார்களில்லை. கலகம் ஒரே நாளில் அடங்கியது. அம்மாதத்திலேயே எசெக்ஸின் தலையும் வீழ்ந்தது.

வரலாற்று நாடகம் எழுதப் புகும் மாணவரும், அவர்க்கு வழிகாட்டும் ஆசிரியரும் ஈற்றுக் காட்சியை ஆழ்ந்து சிந்திப்பாராக. மங்கலம் பாடுதல் நம் மரபு, பாடுக. ஆனால், மேடைக்கு வரவேண்டிய பெட்டி வந்துவிட்டதா என்று முதலிற் பார்த்தல் நாடகாசிரியன் கடனாகும்.