ஐஸ் குழாயில் எந்தத் தண்ணீர்?

கோவையில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு: சிறுவாணி, பில்லூர் என்று மாநகராட்சி தரும் நல்ல தண்ணீர் ஒன்று, போர்வெல்லின் உப்புத் தண்ணீர் மற்றொன்று. தானாக ஐஸ்கட்டி போடும் பிரிட்ஜ் வாங்குகிறவர்கள், அதன் பின்பக்கக் குழாய் எதோடு சேரப்போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். சுவரில் கைக்கு எட்டுகிறது என்பதற்காக உப்புத் தண்ணீர்க் குழாயில் மாட்டிவிட்டுப் போவதை என்னால் ஏற்கவே முடியாது. பிரிட்ஜுக்குள் இருக்கும் கார்பன் பில்டர் குளோரின் வாடையைக் குறைக்கும், உப்பை எடுக்காது. சுண்ணாம்பு படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. பல கிருமிகள் ஐஸில் உயிரோடுதான் இருக்கும். அடுத்தது அழுத்தம். பல மாடல்கள் குறைந்தது 20 பிஎஸ்ஐ கேட்கின்றன. பம்ப் இல்லாமல் அது கிடைக்க, தொட்டி சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடித் தொட்டியில் அது நடக்காது. ஆர்.ஓ. தண்ணீரைச் சிறு பம்ப் வைத்துக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குழாயை ஊசியால் துளைத்துக் கவ்வும் மலிவு வால்வு வேண்டாம், நாளடைவில் கசியும். கைக்கு எட்டும் இடத்தில் தனி வால்வு போடச் சொல்லுங்கள். இணைத்ததும் குழாயில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு, முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள். வெளியூர் கிளம்பும்போது அந்த வால்வை மூடிவிட்டுப் போங்கள்.