பிரிவுக்குப் பின் வாடகை வீடா, சொந்த வீடா?



சோழவந்தானில் நம்மிடம் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் அண்மையில் நம்மைச் சந்தித்தார். தலாக் நிகழ்ந்து இத்தாவும் முடிந்துவிட்டது. மஹரும், பெரியவர்கள் பேசி வாங்கித் தந்த தொகையும் கையில் உள்ளன. “வீடு வாங்கு, என் பெயரில் இருக்கட்டும்” என்கிறார் அண்ணன். அத்தாவோ ஒத்திக்கு வீடு தேடுகிறார். “ஹஜ்ரத், நான் என்ன செய்ய?” என்றார் அச்சகோதரி.

நமக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் நாமும் அமர்ந்திருந்தோம். நகையை எண்ணினோம், சீர்ப் பாத்திரங்களை எண்ணினோம். இனி இவர் எங்கே குடியிருப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இறைமறை அதைத்தான் முதலில் பேசுகிறது. அத்தலாக் அத்தியாயத்தின் முதல் வசனம், வெளிப்படையான மானக்கேடு இருந்தாலன்றி, இத்தாக் காலத்தில் மனைவியரை வீட்டைவிட்டு வெளியேற்றத் தடை விதிக்கிறது. ஆறாம் வசனம், வசதிக்கேற்ப அவர்களைக் குடியமர்த்தப் பணிக்கிறது. மீட்டுக்கொள்ள முடியாத தலாக்கிலும் இத்தாவில் உறைவிடம் உண்டு என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. நாமோ தலாக் சொன்ன அன்றே பெட்டியோடு தாய்வீட்டுக்கு அனுப்பிப் பழகிவிட்டோம்.

நாட்டுச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டம் கூறும் நியாயமான ஏற்பாடு, இத்தாவுக்குப் பிந்திய எதிர்காலத்துக்கும் உரியது. அதை இத்தாவுக்குள் செய்துவிட வேண்டும் என டேனியல் லத்தீஃபி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஏற்பாட்டில் உறைவிடமும் அடங்கும். ஆகவே தொகை பேசும்போதே வீட்டையும் பேச வேண்டும்.

அச்சகோதரிக்கு நாம் சொன்னது இதுதான்: முதல் ஓராண்டு வாடகை வீட்டில் இருங்கள். வருமானமும் பிள்ளையின் படிப்பும் ஒரு நிலைக்கு வரட்டும். மனம் கலங்கியிருக்கும்போது வாங்கிய வீட்டை நினைத்தபோது விற்க இயலாது. வங்கிக் கடனின் வட்டியில் சிக்க வேண்டாம். ஒத்தியும் வேண்டாம், மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, பின்பு முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவது, கடன் கொடுத்து ஆதாயம் அடைவதாகும். அது வட்டியின் வாசல் என்று உலமாக்கள் எச்சரிக்கின்றனர்.

பிறகு வாங்க முடிந்தால் சிறு மனையாயினும் சொந்தப் பெயரிலேயே வாங்குங்கள். மஹர் பெண்ணின் உடைமை. அண்ணனுக்கு அதில் பங்கில்லை. பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 1.4.2025 முதல் தமிழக அரசு பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்துள்ளது.

வாடகைக்குப் போகச் சொல்லிவிட்டோம். வீடு கொடுப்பது யார்? “ஆண் துணை இல்லையா?” என்று கேட்டுக் கதவைச் சாத்துவோரில் தொழுகையாளிகளான நம்மவரும் உண்டு. நம் ஊரில் கொடிக்கால் போடுவோர் முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, அதன்பின் அதில் வெற்றிலைக் கொடியைப் படரவிடுவர். ஊன்றிக்கொள்ள ஒன்று வேண்டும் என்பதைப் பயிருக்கு அறிந்த நாம், ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் அதை மறுக்கலாமா?

பூட்டிக் கிடக்கும் மாடிவீடு வைத்திருப்போர் இன்றே சிந்திப்போம். வல்ல அல்லாஹ் நமக்கு நல்லுள்ளம் அருள்வானாக, ஆமீன்.